முதுகில் என்று சொன்ன கட்டி

பிப்ரவரி 4

ஊமைக்கோட்டான் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் இடுப்பு வலியையும் உன் மாமாவையும் தவிர எல்லாம் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது அந்த மருந்து வாடையிலேயே வயிறு நிரம்பிவிடுகிறதா?

போனில் கூப்பிட்டால் "ம்", "சரிக்கா" என்பதோடு முடித்துவிடுகிறாய். எழுதினால்தான் உன்னிடமிருந்து நாலு வரி பெயர்கிறது. அதற்காக, அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன நான் பேனாவைக் கடித்துக்கொண்டு தையல் மெஷின் மேல் காகிதத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். திருத்தி அனுப்பாதே.

நேற்று பாங்க் அம்மா பிளவுஸ் வாங்க வந்தாள். நான் தைத்ததில் கை இறுக்கமாம். போன மாதத்தைவிட அவள் கை பெருத்திருப்பதை நான் சொல்ல முடியுமா? "நூல் சுருங்கியிருக்கும்" என்றேன். பிரித்துக் கொடுக்கும் வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பி என்ன வேலை பாக்கறார்?"

"பெரிய லேப்ல ஊறுகாய் போடறான்."

"விளையாடாதீங்க!" என்று சிரித்தாள். அவள் போன பிறகு யோசித்தேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாதே! பாட்டிலில் சதை வரும், நீ மருந்துத் தண்ணியில் ஊறப்போடுவாய். அவ்வளவுதானா? அடுத்த முறை யாராவது கேட்டால் சொல்ல நாலு பெரிய வார்த்தையாக எழுது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். முதுகுப் பக்கம் ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு இருக்கும். ஊசி போட்டுப் பார்த்தார்கள், வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். வலி கிடையாது. லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, உனக்குச் சமைத்துப் போட என்னால் ஆகாது.

உன்னை வளர்த்துத் தொலைத்த
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஊறுகாய் என்று சொன்னது பாதி சரிதான். சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுப்பதெல்லாம் வேனில் எங்கள் லேபுக்கு வரும். உடம்பை விட்டு வந்த நிமிடத்திலிருந்து சதை கெட ஆரம்பித்துவிடும். ஃபார்மலின் என்ற மருந்துத் தண்ணியில் போட்டால் அது எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும். ஆனால் அந்தத் தண்ணி மெல்லத்தான் உள்ளே இறங்கும். துண்டை முழுசாக விட்டால் வெளிப்பக்கம் விறைத்துக்கொள்ளும், நடுப்பகுதி உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். அதனால் வந்த அன்றைக்கே, ரொட்டியைக் கீறுவதுபோல வரிசையாகக் கீறி, தண்ணி உள்ளே போக வழி செய்து, பெரிய பாட்டிலில் தாராளமாக ஊற்றி வைக்கவேண்டும். அந்தக் கீறுகிற வேலை என்னுடையது.

பிறகு அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவுவார்கள். சில நோய்களுக்கு அந்தச் சீவலில் ஒரு சாயம் வைத்துப் பார்ப்போம். பழுப்பு நிறம் ஏறினால் அது மாத்திரைக்குக் கட்டுப்படும் நோய். ஏறாவிட்டால் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. ஆனால் சதை கெட்டுப்போயிருந்தால், ஏறவேண்டிய நிறமும் ஏறாது. அதனால்தான் முதல் நாள் கீறுவது அவ்வளவு முக்கியம்.

அக்கா, முதுகில் எந்த இடத்தில் கட்டி? எந்த ஆஸ்பத்திரி? வெட்டினால் எங்கள் லேபுக்கே அனுப்பச் சொல்லுங்கள். நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

ரொட்டி வெட்டும் பெரிய டாக்டருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாங்க் அம்மாவிடம் "ஃபார்மலின்" என்று சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! இனிமேல் கை இறுக்கம் என்று வாய் திறக்கமாட்டாள்.

கட்டி வெளியே வந்தாச்சு. நான் நலம். உன் மாமாதான் ஆபரேஷன் செய்துகொண்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நர்ஸ் அவருக்குத்தான் முதலில் தண்ணி கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து சமையல் அவர் கையில். உப்பு எங்கே இருக்கிறது என்று இந்த வயசில் கண்டுபிடித்திருக்கிறார்.

உன் லேபுக்கு அனுப்பவேண்டாம், வேறு எங்காவது அனுப்புங்கள் என்று நான்தான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உனக்கு எதற்கு வீண் அலைச்சல்? சொந்த அக்காவை ஊறுகாய் போட்டான் என்ற பேர் உனக்கு வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே.

கையைத் தூக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. கத்தரி பிடிக்க முடியவில்லை. எனக்குக் குப்புறப் படுத்தால்தானே தூக்கம் வரும், அதுவும் முடியவில்லை. போகப் போகச் சரியாகிவிடும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.

அக்கா


ஏப்ரல் 11

தம்பிக்கு,

ஒரு மாசம் ஆச்சு. கை உடைந்துபோச்சா, பேனா உடைந்துபோச்சா? போன் செய்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறாய். உன் மாமா உன்மேல் வருத்தமாக இருக்கிறார். எனக்கு வருத்தமில்லை, கோபம்தான்.

சரி, திட்டியாச்சு. உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இதை எப்படி எழுதுவது என்று காகிதத்தைக் கசக்கிக் கசக்கிப் போட்டேன். கட்டி நல்ல கட்டி இல்லையாம். நீ தினமும் பார்க்கிறாயே, அந்த நோய்தானாம். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போல, அதைப் பிறகு ஒரு முறை வெட்டி எடுக்கவேண்டும் என்கிறார் டாக்டர்.

இன்னொன்று. முதுகு இல்லைடா. முன்பக்கம். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் டேப்பைச் சுற்றி அளவெடுத்து, கடைக்கு வெளியே கேட்கும்படி சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்கிறவள் நான். என்னுடையது என்று வந்தபோது, வளர்த்த பிள்ளையிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் உன் லேப் வேண்டாம் என்றேன். புரிந்துகொள். இதைப் பற்றி இனி நீயும் எழுதாதே, நானும் எழுதமாட்டேன்.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். டாக்டர், "உங்களுக்கு நிறம் ஏறலைம்மா. மாத்திரை வேலை செய்யாது. நரம்புல சொட்டு மருந்துதான் ஏத்தணும்" என்றார். நீ எழுதியிருந்தாயே பழுப்பு என்று, அதுதான். எனக்கு ஏறவில்லை. என் அதிர்ஷ்டத்தைப் பார், சாயம்கூட என்மேல் ஒட்டவில்லை. மாத்திரை என்றால் முழுங்கிவிட்டுக் கடையைத் திறந்துவிடுவேன். சொட்டு மருந்து என்றால் பயமாக இருக்கிறது. நிறம் ஏறவில்லை என்றால் ஏறவில்லைதானே? அதில் ஒன்றும் செய்ய முடியாதா?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வேலை அதிகம்.

தைரியமாக இருங்கள். சொட்டு மருந்து ஏற்றும் நாட்களில் நிறையத் தண்ணி குடியுங்கள். மாமாவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு: அந்தப் பரிசோதனை சில சமயம் தவறுவதுண்டு. எப்போதும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி போட்டுப் பார்த்ததாக எழுதியிருந்தீர்களே, அதில் எடுத்தது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி


மே 16

தம்பிக்கு,

அக்கா இருக்கிறேன், இன்னும். உன் உடம்பு சுகம்தானே?

சொட்டு மருந்து ஆரம்பித்துவிட்டது. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் தலையணையெல்லாம் முடி. இப்போது உன் மாமாவும் நானும் ஒரே மாதிரி இருக்கிறோம். அவராவது சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டு திரிகிறார், எனக்கு அந்த வெட்கம்கெட்ட தைரியம் வரவில்லை. வாயில் எதைப் போட்டாலும் இரும்பைச் சப்புகிற ருசி. உன் மாமா அதையும் தன் சமையல் மேல் சொல்வதாக நினைத்து முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்.

நீ கேட்டதைக் கேட்டேன். ஊசியில் வந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டு அப்போதே தூக்கிப் போட்டுவிட்டார்களாம். மிச்சம் எதுவும் இல்லை. எதற்குக் கேட்டாய்? "சும்மா" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் அதற்குள் நூறு வார்த்தை முழுங்கியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

அங்கே நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று கேள்விப்பட்டேன்.

"வேற லேபுக்கு அனுப்பச் சொன்னேனேம்மா, அனுப்பினீங்கதானே?" என்றேன்.

"வேற எங்க அனுப்பறது? வர்றது ஒரு வேன். எல்லாம் அந்த லேபுக்குத்தான் போகும்" என்றாள்.

உன் லேப்.

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. என் பேர் எழுதி ஒட்டி, உன் மேஜைக்கா வந்தது? நீயா திறந்தாய்? தம்பி, நீ பார்த்திருந்தால் சொல்லாதே. நான் உன் முகத்தில் எப்படி முழிப்பேன்? அன்றைக்கு நீ லீவு என்று ஒரு வரி எழுதிப் போடு. அது போதும். வேறு எதுவும் எழுதவேண்டாம்.

அக்கா


மே 25

அக்கா,

அன்று நான் லீவில் இருந்தேன்.

தம்பி


ஜூன் 29

அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான் அன்று லீவில் இல்லை.

வேன் வந்தபோது மாலை. மறுநாளிலிருந்து விடுமுறை, எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பாட்டில்களை வரிசையாக வைத்துப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். உங்கள் பெயரும் மாமா பெயரும் இருந்தன. எந்த இடத்திலிருந்து எடுத்தது என்றும் எழுதியிருந்தது. முதுகு என்று இல்லை.

தட்டில் எடுத்து வைத்தேன். கத்தியையும் எடுத்தேன். தினமும் எத்தனையோ பேருடையதைக் கீறுகிற கை அக்கா இது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் உங்கள் மேல் சாய்ந்துதான் நான் தூங்குவேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

கூட வேலை செய்யும் பெண் பையை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "யாருதுண்ணா? நான் கீறி வெச்சுட்டுப் போகட்டுமா?" என்றாள். கொடுத்திருந்தால் அதோடு போயிருக்கும். "நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு" என்றேன். இன்னொரு கை அதைத் தொடுவதும் எனக்குப் பொறுக்கவில்லை. முழுசாகவே திரும்பப் போட்டு மூடினேன். பாட்டிலைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்தி அலமாரியின் உள்பக்கமாக வைத்தேன். உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்தேன்.

விடுமுறை முடிந்து அந்தப் பெண்தான் கீறினாள். நடுப்பகுதி குழைந்திருந்தது. மெழுகில் பதிக்க எடுத்த துண்டுகளெல்லாம் அந்த நடுவிலிருந்து எடுத்தவை. சாயம் வைத்த பிறகு சீவலை நான் பார்த்தேன். நோயைச் சுற்றியுள்ள நல்ல சதையில் எப்போதுமே கொஞ்சமாவது பழுப்பு தெரியும். அதிலும் தெரியவில்லை. அப்படி இருந்தால் அந்தப் பரிசோதனையே செல்லாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தலைமை டாக்டரம்மா அப்போது ஊரில் இல்லை. அவருக்குப் பதில் வந்தவர் அவசரத்தில் "நிறம் ஏறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால், ஏன் கீறவில்லை என்று கேட்பார்கள். யாருடையது என்று கேட்பார்கள். பேசாமல் இருந்துவிட்டேன்.

நீங்கள் ஒரு பொய் எழுதச் சொன்னீர்கள். உங்கள் மனசுக்காக எழுதினேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அது எனக்குத்தான் வசதியாக இருந்தது.

போன வாரம் அந்தப் பெண் ஒரு பாட்டிலைக் கீறாமல் விட்டுவிட்டுப் போய்விட்டாள். சின்ன மறதி, ஒன்றும் கெடவில்லை. ஆனால் டாக்டரம்மா எல்லோருக்கும் எதிரில் அவளைப் பிடித்துக்கொண்டார். "இது யாரோ ஒருத்தரோட அம்மா. இல்லன்னா அக்கா. அது ஞாபகம் இருந்தா இப்படி விட்டுட்டுப் போவியா?" என்றார். அவள் அழுதாள். நான் குழாயடியில் நின்று, கழுவின கையையே கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பழைய சீவல்களை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "எத்தனை தடவை மருந்து ஏத்தியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்த முடிவை நம்பவேண்டாம் என்று உங்கள் டாக்டருக்கு அவர் எழுதிவிட்டார். ஓரத்தில் மிச்சம் இருப்பதை வெட்டும்போது அதில் திரும்பப் பார்க்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அக்கா, நிறம் ஏறும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஏறாமலும் போகலாம். ஆனால் ஏறுமா ஏறாதா என்று யாரும் இதுவரை சரியாகப் பார்க்கவே இல்லை. அதற்குக் காரணம் நான்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன். சாவியை உன் மாமாவிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதீர்கள் என்றேன். கேட்டேன். தந்துவிட்டார். அவர் பேச்சு அவ்வளவுதான்.

கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஊசி ஏறும்போது நரம்பு எரிந்தது. வாசற்படியில் உட்கார்ந்த என்னால் எழுந்திருக்க முடியவில்லை, தைத்ததை வாங்க வந்தவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அப்போதெல்லாம் விதியைத்தான் திட்டினேன். என் விதிக்கு உன் மூஞ்சி என்று இப்போதுதான் தெரிந்தது. உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் கேலி வரவில்லை. கேலி வராமல் உனக்கு எழுத எனக்குத் தெரியாது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ எதுக்கு முதுகுன்னு சொன்னே?" என்றார்.

"வெட்கமா இருந்துச்சு."

"அவன் எதுக்குக் கீறாம விட்டான்?"

"அவனுக்கும் அதான்."

"நல்ல குடும்பம்" என்றார். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. முதுகில் கட்டி என்று உனக்குச் சொன்னவள், குப்புறப் படுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறேன் பார்! படித்தவன் நீ, அதையும் கேட்காமல் விட்டாய். கேட்க உனக்கும் கூச்சம். நான் ஒரு பக்கம் மூடினேன், நீ ஒரு பக்கம் துண்டைப் போர்த்தினாய். நடுவில் கட்டி கெட்டுப்போச்சு. உன்னை மட்டும் திட்டினால் எனக்கு வாய் வெந்துவிடும். "லீவு என்று எழுது" என்று கேட்டவள் நான்தானே?

டாக்டர் உன் டாக்டரம்மாவின் கடிதத்தைப் படித்தார். சொட்டு மருந்து ஒரேயடியாக வீண் போகவில்லை, அதுவும் ஏதோ வேலை செய்திருக்கும் என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரோ, நிஜமோ. அடுத்த வாரம் ஓரத்தில் இருப்பதை வெட்டுகிறார்கள். இந்த முறை அவரிடம் நானே சொன்னேன்: "பாட்டில் மேல என் தம்பி பேரையும் எழுதுங்க, அவன் கைக்கே போகட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"அவனைவிட நல்லாக் கீறறவன் யாரும் இல்ல. போன தடவை கை வழுக்கிடுச்சு" என்றேன்.

தம்பி, இதைக் கேள். ஒரு தடவை எனக்கே ஒரு நல்ல துணி எடுத்தேன். மேஜையில் விரித்துவிட்டு நாள் முழுக்கக் கத்தரி வைக்க மனசு வரவில்லை. தடவித் தடவிப் பார்த்தேன், மடித்து வைத்தேன், மறுபடியும் விரித்தேன். அந்தத் துணி இன்னும் பீரோவில் கிடக்கிறது. மடிப்பில் பூச்சி தின்றுவிட்டது. யாருக்கும் சட்டை ஆகவில்லை.

அந்தப் பாட்டிலில் வருவது அக்கா இல்லை. அக்கா இங்கே மெஷின் முன்னால் மொட்டைத்தலையோடு உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அது என்னை விட்டுப் போனது. அந்தப் பெண்ணிடம் கொடுக்காதே. துண்டைப் போர்த்தாதே. ரொட்டியாக நினைத்துக்கொள், எதையாவது நினைத்துக்கொள்.

வெட்டுடா.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் பிரித்துவிட்டார்களா? காயம் ஆறிவிட்டதா?

பாட்டில் வந்தது. உங்கள் பெயருக்குக் கீழே என் பெயர். அந்தப் பெண் படித்துவிட்டு என் தட்டின் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. "என்னைத் திட்டுனப்ப பக்கத்துலதானே நின்னுட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அண்ணா என்று கூப்பிடுவதில்லை. டீ குடிக்கும் இடத்துக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. விடுமுறைக்கு முன் நான் கையாண்ட பாட்டில்களையெல்லாம் டாக்டரம்மா திரும்ப எடுத்துப் பார்க்கிறார். இதுவரை வேறு எதிலும் குறை இல்லை. அவர் பார்க்கும்போதெல்லாம் நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

அன்றைக்கு அவர் என் பின்னால் வந்து நின்றார். "உன்னால முடியலன்னா நான் பண்றேன்" என்றார். வேண்டாம் என்றேன்.

வெட்டினேன் அக்கா. முதல் கீறல் கோணலாகப் போனது. அதன் பிறகு நேராக வந்தது. ஒவ்வொரு கீறலுக்கும் நடுவில் சின்னத் துணி வைத்து விலக்கி, பெரிய பாட்டிலில், தண்ணி தாராளமாக ஊற்றி, அலமாரியின் முன்பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். எந்தப் போர்வையும் இல்லை.

நேற்று சாயம் வைத்தோம். டாக்டரம்மா முதலில் பார்த்தார். எழுந்து எனக்கு இடம் விட்டார்.

பழுப்பு. நல்ல சதையிலும் பழுப்பு, நோயிலும் பழுப்பு. அழுத்தமான, ஊறிப்போன பழுப்பு. உங்களுக்கு மாத்திரை வேலை செய்யும். ஆரம்பத்திலிருந்தே செய்திருக்கும்.

இந்தக் கடைசி வரியை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

தம்பி


செப்டம்பர் 3

பழுப்புக்காரனுக்கு,

மாத்திரை ஆரம்பித்தாச்சு. காலையில் ஒன்று. இத்தனை பாடு படுத்தினது இத்துனூண்டு இருக்கிறது, பொத்தானைவிடச் சின்னது. உன் மாமா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்றார். உடம்பு தேறி வருகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்தப் பெண் அண்ணா என்று கூப்பிடாவிட்டால் பரவாயில்லை, நீ அண்ணன் மாதிரியே நடந்துகொள். என்றைக்காவது கூப்பிடுவாள். கூப்பிடாமலும் போகலாம்.

கடையைத் திறந்துவிட்டேன். தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாங்க் அம்மா புதுத் துணி கொண்டுவந்தாள். அளவெடுத்தேன், சொன்னேன், எழுதினேன். அப்போதுதான் உறைத்தது. நாளெல்லாம் சத்தமாகச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை உனக்கு எழுதின கடிதம் ஒன்றிலும் நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. "முதுகு என்று இல்லை" என்றாய், "முன்பக்கம்" என்றேன்.

எழுதிவிடுகிறேன். மார்பு. என் இடது மார்பு. அதில் பாதி இப்போது இல்லை.

எழுதும்போது காது சூடாகிறது. இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது, போகவில்லை. உன்மேல் இருந்த கோபத்திலும் ஒரு மூலையில் மிச்சம் இருக்கிறது. அதையும் வெட்டி எடுக்க டாக்டருக்குத் தெரியவில்லை.

முடி அரிசி அளவுக்கு முளைத்திருக்கிறது. உன்னால் போனது, அதனால் ஒரு சீப்பு வாங்கி வா. தபாலில் அனுப்பாதே. ஆபரேஷனுக்கு வரவில்லை, சொட்டு மருந்துக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது வா. வாசலில் நின்று தரையைப் பார்த்தாயானால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். என்னைப் பார்.

அக்கா